ஆணி அடிக்கக் கூடாத வீடுகள்: திருப்பூரில் நான்கு நாட்கள்

முதல் நாள், சனிக்கிழமை

கோவை எக்ஸ்பிரஸ் மதியம் திருப்பூரில் இறக்கிவிட்டது. சித்தி வீடு பெருமாநல்லூர் சாலையில், பாண்டியன் நகரைத் தாண்டி இருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததால் வழியில் தொங்கும் போர்டுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். 'டைலர்கள் தேவை', 'பவர்டேபிள் ஆட்கள் தேவை', 'செக்கிங், கைமடிக்கப் பெண்கள் தேவை' என்று மட்டும் இருபத்து மூன்று போர்டுகள். வீடு வாடகைக்கு என்று நான்கு. அந்த நான்கில் இரண்டில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்றும், ஒன்றில் 'தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தது.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அந்தக் கணக்குதான். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆள் வேண்டும் என்று வீதிக்கு வீதி கூப்பிடுகிறது. கூப்பிட்டு வந்தவர்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் எனக் கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது.

சித்தியும் சித்தப்பாவும் 1994-ல் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று மழையை நம்பி இருந்த ஊர்களிலிருந்து அப்போது வண்டி வண்டியாக வந்தார்கள். வந்ததும் லைன் வீடு. திருப்பூரில் இந்தச் சொல் தெரியாதவர் யாரும் இல்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், மேலே சிமென்ட் ஷீட், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு துவைக்கிற கல். சித்தி இருந்த லைனில் பதினொரு வீடு. பத்துக்குப் பத்து அறைக்குள் நான்கு பேர், ஒன்பது வருஷம்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்யா. ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்க விட மாட்டாங்க. சாமி படத்தக்கூட தரையில சாய்ச்சுத்தான் வச்சிருந்தேன்" என்றார் சித்தி.

2003-ல் இரண்டு சென்ட் இடம் வாங்கினார்கள். அப்போது இது ஊருக்கு வெளியே. பஸ் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து வீடு கட்டினார்கள். கீழே இவர்கள், மாடியில் பின்னால் எழுப்பிய இரண்டு போர்ஷன். ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த கணவன் மனைவியும் அவர்களுடைய ஆறு வயதுப் பெண்ணும் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறார்கள். இன்று சம்பள நாள். இந்த ஊரில் வாரக் கூலி சனிக்கிழமைதான். எட்டு மணிக்கு மேல் அந்தப் பெண்ணின் அப்பா வந்து, வாடகையைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறினார். ஒரு காலத்தில் சித்தப்பாவும் இப்படித்தான் சனிக்கிழமை ராத்திரி வாடகையோடு போய் நின்றிருப்பார்.

இரண்டாம் நாள், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் திருப்பூர் தன் முகத்தைக் காட்டுகிறது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், கம்பெனிக்குள் இருப்பவர்கள் இன்றுதான் வெளியே வருகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து காதர்பேட்டை வரை நடந்தேன். காதில் விழுந்த பேச்சில் பாதிக்கு மேல் இந்தி, ஒடியா, வங்காளி. செல்போன் கடையில் இந்தியிலும் விலை எழுதியிருக்கிறார்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் வந்து நின்றால் பிளாட்பாரமே நிறைந்துவிடும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

ஏன் இந்த மாற்றம் என்று பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெளிவாகத் தெரிவது பிள்ளைகளின் எண்ணிக்கைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3. சித்தி தலைமுறையில் வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேராவது பனியன் கம்பெனிக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ. அவர்களும் கல்லூரி முடித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்காரப்போவதில்லை. சித்தியின் மகன் பெங்களூரில் இருக்கிறான். காலியான நாற்காலியில் வேறு ஊர்ப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான். யாரும் யார் இடத்தையும் பிடுங்கவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2023 தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, இந்த ஊரில் இருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். அந்த வாரம் மாடியில் இருக்கும் குடும்பத்தைச் சித்தி கீழே தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டாராம்.

மாலையில் சித்தப்பாவின் பழைய கம்பெனிக்காரர் ஒருவர், ஜார்க்கண்ட் இளைஞர்கள் தங்கியிருக்கும் லைனுக்கு அழைத்துப் போனார். ஓர் அறையில் ஐந்து பேர். இரண்டு பேருக்கு ராத்திரி ஷிப்ட் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டியதில்லை. வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஆள் ஒன்றுக்கு 1,200 ரூபாய். அப்படியென்றால் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்கு மாதம் 6,000. அடுத்த அறையில் ஒரு தமிழ்க் குடும்பம் அதே அளவு அறைக்கு 3,800 கொடுக்கிறது.

கரண்டையும் கேட்டேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் லைன் முழுவதற்கும் ஒரே இணைப்பு. அறைக்கு அறை சப் மீட்டர் வைத்து யூனிட் பத்து ரூபாய் என்று வசூலிக்கிறார்கள். இலவசம் குடியிருப்பவர் வரை வந்து சேருவதே இல்லை.

மூன்றாவது அறையில் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறார்கள். இப்போது இப்படி வருவதுதான் கூடுகிறது என்றார் கூட வந்தவர். தனி ஆளாக வந்தவர்கள் கல்யாணம் முடித்து மனைவியையும் அழைத்து வருகிறார்கள். காரணம் எளிது. அந்தப் பெண்ணுக்கும் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ வேலை நிச்சயம். இரண்டு சம்பளம் வந்தால் ஊருக்கும் அனுப்பலாம், இங்கும் வாழலாம். வேறு எத்தனை ஊர்களில் ஜோடியாக வந்து இறங்கினால் அந்த வாரமே இருவருக்கும் வேலை கிடைக்கும்?

மூன்றாம் நாள், திங்கள்

இன்று பார்த்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மங்கலம் சாலையில் ஆண்டிபாளையத்துக்குப் பக்கம் ஒரு பாட்டி. வயது எழுபத்தைந்துக்கு மேல். சித்தி முதன்முதலில் குடியிருந்த லைன் இவருடையதுதான். ஆணி அடிக்க விடாத வீட்டுக்காரம்மா. சித்தியைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வா கண்ணு, எத்தன வருசமாச்சு" என்றார். எனக்குள் ஒரு கோபத்தோடுதான் போனேன். அது அங்கே நிற்கவில்லை.

அந்த லைன் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தோட்டம். நொய்யல் ஓரத்துக் கிணற்றுப் பாசனம். மஞ்சளும் வாழையும் போட்டார்களாம். பனியன் தொழில் பெருகப் பெருகச் சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. கிணறு கெட்டது. "சப்பத் தண்ணியாப் போச்சுங்க. வாழை கருகிப்போச்சு. மாடு குடிக்காது. அப்பறம் என்னத்தப் பண்றது? காட்டுல கல்லை நட்டோம்." ஆற்றில் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த அணை சாயக் கழிவு தேங்கும் குளமாகிப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. அந்தக் கதையின் இன்னொரு முனை இந்தப் பாட்டியின் காட்டில் இருக்கிறது. பயிர் விளையாத நிலத்தில் அறைகள் விளைந்தன. எந்த அரசுத் திட்டமும் எந்தக் கம்பெனியும் செய்யாத வேலையை, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கூரை கொடுக்கும் வேலையை, கிணறு கெட்டுப்போன குடியானவர்கள் செய்தார்கள்.

ஆனால் கட்டியபோது அவர்கள் மனதில் இருந்த குடித்தனக்காரர் யார்? பாட்டியிடமே கேட்டேன். "வருவாங்க, நாலு காசு சம்பாரிப்பாங்க, போயிருவாங்க. அப்பிடித்தான் நெனச்சோம்." அதனால்தான் தனித்தனிக் கக்கூஸ் இல்லை, சமையலறை இல்லை, ஜன்னல் ஒன்றுதான். ஆணி விஷயமும் அதுதான். போகிறவர்களுக்கு எதற்கு ஆணி?

போகவில்லையே. தெற்கிலிருந்து வந்தவர்கள் பாதிக்கு மேல் இங்கேயே ஊன்றிவிட்டார்கள். இப்போது வடக்கிலிருந்து வருகிறவர்களும் குடும்பமாக ஊன்றுகிறார்கள். வீடு மட்டும் போகப்போகிற ஆளுக்கே இன்னும் காத்திருக்கிறது.

இடித்துவிட்டு நல்லபடியாகக் கட்டலாமே என்றேன். பாட்டியின் மருமகனும், அங்கே கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவரும் சேர்ந்து திண்ணையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கக்கூஸ், சமையல் மேடையோடு 300 சதுர அடியில் ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி வீடு. சதுர அடிக்கு 2,000 என்று வைத்தால் 6 லட்சம். இடம் புதிதாக வாங்குவதாக இருந்தால் அதன் பங்கு இன்னொரு 6 லட்சமாவது ஆகும். மொத்தம் 12 லட்சம். பேங்கில் 9 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் மாதம் 9,000. அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற டைலர் கொடுக்க முடிகிற வாடகை ஐயாயிரம், மிஞ்சினால் ஆறாயிரம்.

"அந்த மூவாயிரத்தை யாருங்க போடுவாங்க?" என்று கேட்டார் மேஸ்திரி.

இந்தக் கேள்வியைத்தான் பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நிலம் முன்பே கையில் இருந்தவர்கள்தான் லைன் கட்டினார்கள். அவர்களுக்கு நிலம் இலவசம் மாதிரி. அந்தத் தோட்டங்கள் தீர்ந்துவிட்டன. இனிக் காசு கொடுத்து நிலம் வாங்கிக் கட்டுகிறவர் இரண்டு படுக்கையறை வீடு கட்டி விற்பார், கம்பெனி மேனேஜர் வாங்குவார். பழைய தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் லைனை இடித்துக் கடையோ குடோனோ கட்டுகிறார்கள். ஆட்கள் கூடுகிறார்கள், மலிவான அறைகள் குறைகின்றன. அதனால்தான் தலைக்கு வாடகை. பாட்டி இன்னும் அறைக்குத்தான் வாங்குகிறார், 3,500. வங்கிக் கடனுக்கு வரைபட அனுமதி கேட்கிறார்கள், இந்த லைனுக்கு அது கிடையாது. வரும் வாடகைதான் பாட்டிக்குப் பென்ஷன். இடித்தால் கட்டி முடிக்கும்வரை அவர் சாப்பாட்டுக்கு என்ன வழி?

எத்தனை வீடு குறைகிறது என்று யாருக்கும் தெரியாது என்பது இன்னும் மோசம். 2011 கணக்கெடுப்பின்போது பழைய மாநகராட்சி எல்லைக்குள் 4.44 லட்சம் பேர். அதே ஆண்டு '15 வேலம்பாளையம்' என்றே பெயர் கொண்ட நகராட்சியையும் நல்லூர் நகராட்சியையும் எட்டு ஊராட்சிகளையும் சேர்த்து எல்லையை விரித்தபோது 8.77 லட்சம். 2021-ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனது. இடையில் வந்து சேர்ந்தவர்கள் தண்ணீர்க் கணக்கிலும் இல்லை, வீட்டுக் கணக்கிலும் இல்லை. ஏற்றுமதியான பனியனுக்குப் பீஸ் பீஸாகக் கணக்கு இருக்கிறது.

நான்காம் நாள், செவ்வாய்

காலையில் மாடி வீட்டுக் குழந்தையைப் பள்ளியில் விடச் சித்தியோடு போனேன். அம்மாவும் அப்பாவும் எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போய்விடுவதால் இது சித்தியின் வேலை ஆகிவிட்டது. வழி முழுக்க அது சித்தியிடம் உசிலம்பட்டித் தமிழில் பேசிக்கொண்டே வந்தது. "ஆத்தி!" என்று ஒரு தடவை சொன்னது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அரசுப் பள்ளிதான். ஆசிரியை ஒருவரிடம் கொஞ்ச நேரம் பேச முடிந்தது. மொழி ஒரு பிரச்சினையே இல்லை, ஆறு மாதத்தில் பிள்ளைகள் தமிழ் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். அவர் கவலை வேறு. வருஷ நடுவில் பிள்ளை காணாமல் போய்விடுகிறது. விசாரித்தால் வீடு மாறிவிட்டார்கள். வாடகை ஏறியிருக்கும், இல்லை லைனை இடித்திருப்பார்கள். கம்பெனி மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை யார் கூட்டிவந்து விடுவது? சில பிள்ளைகள் அங்கே வேறு பள்ளியில் சேருகிறார்கள். சிலர் சேருவதில்லை. பள்ளிக்கு எதிரி வீட்டு வாடகை என்று இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் அரசு கட்டும் அடுக்குமாடிகளைப் பற்றி விசாரித்தேன். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டுபவை. சொந்த வீடில்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயனாளி பங்குத் தொகை என்று மொத்தமாக ஒரு பணம் கட்ட வேண்டும். வாரக் கூலிக்காரரிடம் மொத்தமாக எங்கே இருக்கும்? ஊரில் அப்பா பெயரில் ஓட்டு வீடும், இங்கே முகவரி இல்லாத ஆதாரும் வைத்திருப்பவர் வரிசையில் நிற்கவே தயங்குகிறார்.

விற்கிற வீடு இல்லாமல் வாடகைக்கு விடுகிற வீடு வேண்டும் என்பது அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் சாரை சாரையாக ஊருக்குக் கிளம்பியதைப் பார்த்த பிறகு, அந்த ஜூலையில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதி. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பதின்மூன்று கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். பாதுகாப்பான இடம், தண்ணீர் உண்டு. ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படுக்கும் அறையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அது கட்டில். கல்யாணம் ஆகும்வரை. மாடியில் இருக்கும் இந்த மூன்று பேருக்கு, கணவன் மனைவி பிள்ளை என்று ஒரு வாடகைக் குடும்பத்துக்கு, வாங்கவும் முடியாமல் விடுதியிலும் அடங்காமல் இருப்பவர்களுக்கு, யாரும் கட்டவில்லை. மேஸ்திரி சொன்ன அந்த மூவாயிரத்தை அரசும் கம்பெனிகளும் ஆளுக்குப் பாதி போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. மாநகராட்சி நிலத்தில் கட்டினால் அந்த மூவாயிரமே தேவைப்படாது. பாட்டி போன்றவர்களுக்கு வரைபட அனுமதியை எளிதாக்கி, கக்கூஸும் ஜன்னலும் வைக்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தாலே நூற்றுக்கணக்கான லைன்கள் வீடாகிவிடும். புதிதாகக் கட்டுவதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்கிறது. நான்கு நாட்களில் நான் பார்த்த ஒரு லைனிலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சித்தி வீட்டிலும் இல்லை. அதைச் சொன்னபோது சித்தி கொஞ்சம் யோசித்தார். "பேப்பர் எழுதினா அந்தப் புள்ளைக்கு ஸ்கூல்ல, ஆதார்ல அட்ரஸ் மாத்த ஆகும்ல?" என்று கேட்டார். ஆகும் என்றேன். "அப்ப எழுதிருவோம்."

ராத்திரி பத்து மணிக்கு ரயில். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அந்த அம்மா இறங்கி வந்து வாசலில் தயங்கி நின்றார். கையில் பள்ளியில் கொடுத்த பாடப் புத்தகங்கள். வாய் திறந்து கேட்டது குழந்தைதான். புத்தகம் வைக்கச் சுவரில் ஒரு பலகை மாட்டிக்கொள்ளலாமா, ஆணி அடிக்க வேண்டியிருக்கும்.

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார். ஆணி தாங்காது, ஸ்க்ரூ போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் கேட்கப் போனார். நான் படி இறங்கியபோது மாடியில் சுவரைத் துளைக்கிற சத்தம் கேட்டது.